காய்ச்சல் குழந்தைக்கு, ஆபத்து தாய்க்கு

கென்யாவின் மேற்கு எல்லையில், உகாண்டாவுக்குள் நுழையும் சாலையில் இருக்கிறது புசியா. எல்லை தாண்டக் காத்துக் கிடக்கும் லாரிகளை நம்பிப் பலர் பிழைக்கும் ஊர். அங்கே பாலியல் தொழில் செய்துவந்த 192 பெண்களிடம் ஆளுக்கொரு நாட்குறிப்பு கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் ஜோனதன் ராபின்சன், ஈத்தன் யே என்ற இரண்டு பொருளியலாளர்கள். இன்று எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு கிடைத்தது, ஆணுறை போட்டார்களா, வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லையா என்பதையெல்லாம் நாள்தோறும் அதில் பதிய வேண்டும்.

2011-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இது. வீட்டில் ஒருவர், பெரும்பாலும் ஒரு குழந்தை, நோயில் படுத்த நாளில் அந்தப் பெண் வாடிக்கையாளரைச் சந்திக்கும் வாய்ப்பு 3.1% கூடியது. ஆணுறை இல்லாத உறவுக்குச் சம்மதிக்கும் வாய்ப்போ 19.1% கூடியது. மகனுக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளில் அம்மாவுக்கு எச்.ஐ.வி. ஆபத்து ஏறுகிறது. அந்தக் காய்ச்சலுக்கும் இந்தக் கிருமிக்கும் உடலளவில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பது மருந்துச் சீட்டுக்கான பணம். ஆணுறை வேண்டாம் என்று சொல்லும் ஆள் கூடுதலாகக் கொடுப்பான்.

அதே நாட்குறிப்புகளில் இன்னொன்றும் தெரிந்தது. பால்வினை நோயின் அறிகுறிகளால் தொழிலுக்குப் போக முடியாமல் இருந்த நாட்களுக்குப் பிறகும் இதுபோன்ற ஆபத்தான உறவுகள் கூடின. வருமானம் போன நாட்களை அப்படி ஈடுகட்டினார்கள். ஒரு நோய் அடுத்த நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டது.

எய்ட்ஸைப் பற்றித் தெரியாமல்தான் இப்படி நடக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. எய்ட்ஸ் எத்தனையோ வீடுகளைக் காலி செய்த நாட்டில், லாரிச் சாலை ஓரத்தில் வாழ்ந்த பெண்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? பத்து வருடம் கழித்து வரக்கூடிய ஒரு நோயும், இன்று ராத்திரிக்குள் வாங்கியாக வேண்டிய மருந்தும் எதிரெதிரே நின்றால் எந்தத் தாயும் எதைப் பார்ப்பாளோ அதைத்தான் அவர்களும் பார்த்தார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, கிருமியின் பக்கம் கொஞ்சம் போக வேண்டும். எச்.ஐ.வி. உண்மையில் பரவுவதில் மிகவும் மந்தமான வைரஸ். தொற்றுள்ள, சிகிச்சை எடுக்காத ஆணோடு ஒரு பெண் ஒருமுறை ஆணுறை இல்லாமல் உறவு கொண்டால் அவளுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 10,000-க்கு 8 என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிடுகிறது. சுமார் 1,250-க்கு ஒன்று. காற்றிலேயே தாவும் தட்டம்மையோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ கடைசியில் நிற்கும் எண். ஆனால் இதே சம்பவம் ஆயிரம் முறை நடந்தால் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. பிறப்புறுப்பில் ஆறாத புண் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஆபத்து பல மடங்கு ஆகிறது. எதிரில் இருப்பவருக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொற்று வந்திருந்தால் அவர் ரத்தத்தில் வைரஸ் பொங்கி நிற்கும், அப்போதும் அப்படித்தான். மாறாக, அவர் மருந்து எடுத்து ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் உறவின் வழியாகப் பரவவே பரவாது.

இப்படி மந்தமான ஒரு கிருமி, 1990-களின் நடுப்பகுதியில் மும்பையில் பாலியல் தொழில் செய்த பெண்களில் பாதிப்பேருக்கு மேல் தொற்றியது. 50 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2012-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு, ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இந்தப் பெண்களிடையே தொற்று 11.8% என்றும், மற்ற பெண்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தொற்று இருக்கும் சாத்தியம் 13.5 மடங்கு என்றும் சொன்னது. தனியாக விட்டால் நொண்டி நடக்கும் வைரஸுக்கு இந்தக் கால்களை யார் கொடுத்தது? அதே 1990-களில், மும்பை அப்படி எரிந்துகொண்டிருந்தபோது, கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் தொற்று ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதத்துக்குள் நின்றது. இரண்டும் இந்தியப் பெருநகரங்கள். தொழிலும் ஒன்றுதான். கிருமியும் அதே கிருமி.

சோனாகாச்சிக்கு 1992-ல் ஒரு கணக்கெடுப்புக்காகப் போனவர் தொற்றுநோயியல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா. அப்போது அங்கே ஆணுறைப் பயன்பாடு 3 சதவீதத்துக்கும் கீழே. வழக்கமான மருத்துவர் என்றால் சுவரொட்டி அடித்திருப்பார், ஊசி போட்டிருப்பார். ஜனா அந்தத் தெருப் பெண்களிலிருந்தே சிலரைச் சம்பளத்துக்கு எடுத்துக் களப்பணியாளர் ஆக்கினார். பச்சை மேலங்கி, அடையாள அட்டை. நேற்றுவரை போலீஸ் விரட்டிய பெண், இன்று பச்சை அங்கி போட்டு வீடு வீடாகப் போய் ஆணுறையும் மருத்துவச் சீட்டும் கொடுக்கிறார். அடையாள அட்டை என்பது நமக்குச் சாதாரணம். அரசாங்கக் காகிதம் எதிலும் பெயர் இல்லாத ஒருவருக்கு அது வேறு.

அந்தக் களப்பணியாளர்கள் ஜனாவுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்தான் முக்கியமானது. ஆணுறை பற்றிப் பேசப் போனால் பெண்கள் வட்டிக்காரனைப் பற்றிப் பேசினார்கள், ரவுடியைப் பற்றிப் பேசினார்கள், பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்ட பிள்ளையைப் பற்றிப் பேசினார்கள். ஆணுறை போடாத நிமிடம் அறைக்குள் நடக்கிறது. அதை முடிவு செய்யும் காரியங்கள் அறைக்கு வெளியே, பல நாள் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

முதலில் விலை. சோனாகாச்சியில் 1993-ல் எடுத்த தரவுகளை விஜயேந்திர ராவ், இந்திராணி குப்தா, மைக்கேல் லோக்ஷின் ஆகியோர் ஜனாவோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். எப்போதும் ஆணுறை கேட்கும் பெண்ணுக்கு ஒரு முறைக்கான சராசரி வருமானத்தில் 66 முதல் 79 சதவீதம் வரை நஷ்டம் என்று கண்டார்கள். மெக்சிகோவில் நடந்த இன்னோர் ஆய்வில் ஆணுறை வேண்டாம் என்ற ஆண்கள் 23% அதிகம் கொடுத்தார்கள். கொல்கத்தா எண் அதைவிடக் கொடூரமானது. தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு பெண் தன் வருமானத்தில் முக்கால் பங்கை விட வேண்டும் என்றால், விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி என்ன பயன்?

தனியாக ஒருத்தி மறுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கதவைத் தட்டுவான். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரே ஒருவர் மட்டும் நியாயமான வாடகையில் பிடிவாதமாக நின்றால் சவாரி அடுத்த வண்டிக்குப் போகும். ஸ்டாண்டு மொத்தமும் ஒரே வாடகை சொன்னால் ஏறித்தான் ஆக வேண்டும். சோனாகாச்சிப் பெண்கள் கண்டுபிடித்தது அதைத்தான். கட்டிடம் கட்டிடமாக, மாடி மாடியாக, ஆணுறை இல்லாமல் யாரும் சம்மதிப்பதில்லை என்று பேசி முடித்தார்கள். மறுத்ததற்காக அடி வாங்கியவளுக்கு ஆதரவாக அக்கம்பக்கத்துப் பெண்கள் திரண்டார்கள். சில ஆண்டுகளில் ஆணுறைப் பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டியது. 1995-ல் தர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற அவர்களது சொந்தச் சங்கம் உருவானது. பின்னாளில் திட்டத்தையே அது கையில் எடுத்துக்கொண்டது.

தாய்லாந்து வேறு வழியில் அதே இடத்துக்குப் போனது. 1989-ல் ரட்சபுரி மாகாணத்தில் மருத்துவர் விவட் ரோஜனபிதயகோர்ன் தொடங்கியதை 1991-ல் நாடு முழுவதும் விரித்தார்கள். எந்த விடுதியிலும் ஆணுறை இல்லாமல் சேவை கிடையாது. மீறினால் விடுதிக்கு மூடுவிழா. பால்வினை நோயோடு மருத்துவமனைக்கு வரும் ஆணிடம் எந்த விடுதிக்குப் போனாய் என்று கேட்டு அந்த விடுதியைத் தேடிப் போவார்கள். 14% அளவில் இருந்த ஆணுறைப் பயன்பாடு சில ஆண்டுகளில் 90 சதவீதத்தைத் தாண்டியது. பொதுச் சுகாதார வரலாற்றில் பெரிய வெற்றி என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அங்கே ஆணையிட்டது அரசும் போலீஸும் விடுதி முதலாளியும். பெண்கள் கட்டுப்பட்டவர்கள். எனக்குக் கொல்கத்தா வழிதான் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் போலீஸ் மனம் மாறினாலும் அங்கே மிஞ்சி நிற்க ஒரு சங்கம் இருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் 2000-களின் தொடக்கத்தில், எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாக, புள்ளிராஜா என்ற கற்பனை ஆணைப் பற்றிச் சுவரெங்கும் ஒரு கேள்வி இருந்தது. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? அதைப் பலர் கிண்டலாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். நான் அதை மரியாதையோடு நினைக்கிறேன். அதுவரை நோயைப் பரப்புகிறவளாகப் பெண்ணையே காட்டிக்கொண்டிருந்த ஊரில், அந்தக் கேள்வி பணம் கொடுத்துப் போகும் ஆணின் பக்கம் திரும்பியது.

அடுத்தது கடன். வங்கிக் கணக்கு திறக்க முகவரியும் அடையாளமும் வேண்டும். அவை இல்லாதவர்களுக்குக் கந்துவட்டிதான் வங்கி. வட்டிக்காரன் வாசலில் நிற்கும் நாளில், புசியாவின் காய்ச்சல் நாள்போலவே, எந்த வாடிக்கையாளரையும் மறுக்க முடியாது. 1995-ல் சோனாகாச்சிப் பெண்கள் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கப் போனார்கள். உறுப்பினர்கள் நல்லொழுக்கம் உடையவர்களாக இருக்க வேண்டும் என்று மேற்கு வங்கக் கூட்டுறவுச் சட்டத்தில் ஒரு விதி குறுக்கே வந்தது. இல்லத்தரசிகள் என்று எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அதிகாரிகள் யோசனை சொன்னார்கள். பெண்கள் மறுத்தார்கள். எங்கள் தொழில் எதுவோ அதையே எழுதுவோம் என்று நின்று, கடைசியில் அந்தத் தடையை நீக்க வைத்தார்கள். சேமிப்பும் கடனும் கொடுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தாக வேலை செய்யும் என்பதை எந்த மருத்துவப் பாடப்புத்தகமும் அன்று சொல்லியிருக்காது. பிற்பாடு கென்யாவில் எரிக் காங், கெல்லி ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள், நெருக்கடியில் இருந்த பெண்களுக்குக் கைப்பேசி வழிச் சேமிப்புக் கணக்கை அறிமுகப்படுத்திப் பார்த்தார்கள். அவசரத்துக்குப் பணம் புரட்ட உடலை ஆபத்தில் வைப்பது குறைந்தது. பால்வினை நோயின் அறிகுறிகளும் குறைந்தன.

பிறகு போலீஸ். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986-ல். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பாலியல் தொழில் செய்யும் பெண்களின் ரத்த மாதிரிகளைத் தேடினார். மும்பையைப்போல இங்கே அதற்கென்று ஒரு தெரு கிடையாது. விசாரித்து விசாரித்து அவர் போய்ச் சேர்ந்த இடம், பிடிபட்ட பெண்களை வைத்திருந்த அரசுக் காப்பகம். அங்கே எடுத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். சில மாதிரிகளில் தொற்று தெரிந்தது. ஓர் இளம் மாணவியின் விடாமுயற்சி நாட்டையே எச்சரித்தது. அந்தப் பெண்களை விஞ்ஞானம் முதலில் சந்தித்த இடம் பூட்டிய கட்டிடம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1956-ன் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின்படி பாலியல் தொழில் செய்வதே குற்றம் ஆகாது. பொது இடத்தில் ஆள் அழைப்பது, விடுதி நடத்துவது போன்றவை குற்றம். ஆகவே ரெய்டு வந்தால் எதையாவது சாட்சியாகக் காட்ட வேண்டும். கைப்பையில் இருக்கும் ஆணுறைகள் சுலபமான சாட்சி. சுகாதாரத் துறை பகலில் இலவசமாகக் கொடுத்ததைக் காவல் துறை இரவில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். இதைப் பார்த்த பெண் பையில் ஆணுறை வைப்பாளா? பிடிபடாமல் இருக்க இருட்டான இடத்துக்குப் போவாள். அவசரத்தில் பேரம் பேசாமல் ஏறுவாள். ஆள் எப்படி என்று பார்க்க அவகாசம் இருக்காது. கனடாவின் வான்கூவர், கென்யாவின் மொம்பாசா, கர்நாடகத்தின் பல்லாரி ஆகிய மூன்று இடங்களை வைத்துக் கேட் ஷானன் குழுவினர் 2014-ல் லான்செட் இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள். இந்தத் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தால் பத்து ஆண்டுகளில் புதிய தொற்றுகளில் 33 முதல் 46 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்றது அது. 2022 மே மாதம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஆணுறையைக் குற்றத்தின் சாட்சியாக எடுக்கக் கூடாது என்றும், இந்தப் பெண்களைப் போலீஸ் கண்ணியமாக நடத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வைரஸ் இந்தியாவில் கண்டறியப்பட்டு 36 ஆண்டுகள் கழித்து.

வன்முறையை அளப்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். யாரோ ஒரு கணக்கெடுப்பாளர் தாளும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்து, கடந்த வருடத்தில் உன்னை யாராவது அடித்தார்களா, பலாத்காரம் செய்தார்களா என்று கேட்டால் என்ன பதில் வரும்? கர்நாடகத்தில் இதற்கு அழகான ஒரு வழியைப் பயன்படுத்தினார்கள். பத்துப் பதினைந்து பெண்களை ஓர் அறையில் உட்கார வைத்து, தேர்தல் வாக்குச்சாவடிபோல ஒவ்வொருவருக்கும் தனித்தனி மறைப்பு. ஆம் என்றால் ஒரு நிறப் பெட்டி, இல்லை என்றால் இன்னொரு நிறம். கேள்வியைச் சத்தமாகப் படிப்பார்கள். சீட்டை ஒரு பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். பெயர் கிடையாது, எழுத்தறிவு வேண்டாம், எதிரில் யாருடைய முகமும் இல்லை. நேருக்கு நேர் கேட்டபோது கடந்த ஆண்டில் அடியோ பலாத்காரமோ நடந்ததாக 11% பெண்கள் சொன்னார்கள். பெட்டியில் விழுந்த சீட்டுகளை எண்ணியபோது 26.4%.

இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள அந்தப் பதினைந்து சதவீதப் பெண்களைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். முகம் பார்த்துக் கேட்டால் இல்லை என்று தலையாட்டுகிறவர்கள் அவர்கள். அந்த ஆய்வில் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் ஆணுறைப் பயன்பாடு குறைவாக இருந்தது, கொனோரியா என்ற பால்வினை நோய்த் தொற்று கூடுதலாக இருந்தது. அடி வாங்குகிறவளால் நிபந்தனை போட முடியாது என்பதன் ஆய்வகச் சான்று அது. அடி விழுந்தால் உடனே ஓடிவரும் குழு, ராத்திரியும் எடுக்கும் தொலைபேசி, வழக்கறிஞர், காவலர்களுக்குப் பயிற்சி என்று அங்கே வேலை நடந்தது. அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் வன்முறை குறைந்தது.

இன்று இந்தியாவில் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடையே தொற்று 2% அளவில் இருக்கிறது. பொது மக்களில் 0.2%. பத்து மடங்கு என்பது இன்னும் கூடுதல்தான். ஆனாலும் மும்பையின் பாதிப்பேரை நினைத்துப் பார்த்தால் இது வந்த தூரம் தெரியும்.

வாடிக்கையாளர், வட்டிக்காரன், போலீஸ் எல்லோரையும் சமாளித்த சங்கத்தால் எளிதில் சமாளிக்க முடியாத ஒருவர் உண்டு. சோனாகாச்சியில் அவருக்கு பாபு என்று பெயர். நிரந்தரமாக வந்து போகிறவர், வாடகை கொடுக்கிறவர், பிள்ளைக்கு அப்பா என்று பெயர் கொடுப்பவர். நம் பக்கத்துப் பெண்கள் புருஷன் மாதிரி என்பார்கள். அன்றைக்கு வரும் புதியவரிடம் ஆணுறை இல்லாமல் முடியாது என்று அடித்துச் சொல்லும் அதே பெண், இவரிடம் கேட்பதில்லை. எங்கே ஆய்வு செய்தாலும் இது திரும்பத் திரும்ப வருகிறது: காசு கொடுப்பவரிடம் ஆணுறை, பாசம் வைத்தவரிடம் இல்லை. ஆணுறை எடுத்தால் நீயும் ஒரு வாடிக்கையாளன்தான் என்று சொன்னதாகிவிடும். நாள் முழுக்கத் தொழில் செய்கிற ஒருத்திக்கு, தொழில் இல்லாத ஒரே உறவை அடையாளம் காட்டுவது அந்த ஆணுறை இல்லாமைதான். எந்தச் சங்கத் தீர்மானமும் இதற்குள் கை வைக்கத் தயங்கும், தயங்குவது நியாயம்.

அதனால்தான் பிரெப் என்ற தடுப்பு மாத்திரை இவர்களுக்கு முக்கியமாகிறது. தொற்று இல்லாதவர் தினம் ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டால் கிருமி உடலில் நிலைகொள்வது மிகவும் கடினம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம். கொல்கத்தாவில் தர்பார் சங்கமும் மைசூரில் அசோதயா சமிதியும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களோடு இதைச் சோதித்துப் பார்த்தன. இரண்டுமே பாலியல் தொழில் செய்யும் பெண்கள் நடத்தும் அமைப்புகள். மாத்திரையை நினைவூட்டியவர்களும் அதே தெருப் பெண்கள்தான். சோதனைக் காலத்தில் யாருக்கும் புதிதாகத் தொற்று வரவில்லை. ஸ்மரஜித் ஜனா 2021 மே மாதம் கோவிட் தொற்றில் இறந்தார். அவருடைய கடைசி ஆண்டுகளின் வேலைகளில் இதுவும் ஒன்று.

மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. தடுக்க எடுப்பதும் தொற்று உள்ளவர்கள் எடுப்பதும் பெரும்பாலும் ஒரே மருந்துக் குடும்பம். டப்பாவைப் பார்த்தவர் இவளுக்கு எச்.ஐ.வி. என்றே முடிவு கட்டுவார். பார்ப்பவர் பெரும்பாலும் பாபுதான்.